ஆசியா பீவியின் மூன்றாவது கியர்

கியர் பாக்ஸைப் பிரித்துப் போட்டுவிட்டால் என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்காது. சாதாரண நாளிலேயே குட்டி போட்ட பூனை மாதிரி குறுக்கும் நெடுக்கும் நடக்கிற மனுஷன். மேசைமேல் பற்சக்கரங்கள் பரப்பிக் கிடந்தால் கேட்கவே வேண்டாம். சாப்பாட்டுத் தட்டைக் கையில் பிடித்தபடியே எழுந்து போய் ஒரு பல்லைத் தடவிப் பார்ப்பார். ரசம் வழிகிற கையாலேயா என்று கத்துவேன். கழுவியாச்சு என்பார். கையையா, பல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பெயர் லோகேஸ்வரன். ஜெலுத்தோங்கில் வொர்க்ஷாப். பினாங்கில் பழைய கார் வைத்திருக்கிறவர்கள் யாரைக் கேட்டாலும் லோகாவைத் தெரியும் என்பார்கள். இப்போதெல்லாம் பழைய காருக்குத்தான் மவுசு. வங்கியில் வேலை பார்க்கிற பையன்கள்கூட தாத்தா காலத்து வண்டியைத் தூசு தட்டிக்கொண்டு வந்து நிற்கிறார்கள். கடையில் போன் எடுப்பது, சாமான் ஆர்டர் போடுவது, மண்ணெண்ணெயில் பற்சக்கரம் கழுவுவது எல்லாம் நான்தான். பெயர்ப்பலகையில் மட்டும் என் பெயர் இல்லை. குமுதா என்று போட்டால் பத்திரிகைக் கடை என்று நினைத்துவிடுவார்களாம்.

இவர் கூலிமில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்ததும் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சேர்த்துவிட்டார்கள். ஒரே இடத்தில் நின்று ஒரே திருகை முடுக்க வேண்டிய வேலை. இரண்டாம் மாதமே ஓடிவந்துவிட்டார். எங்கள் கல்யாணத்தில், ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, மண்டபத்து ஜெனரேட்டர் இருமுகிறது என்று மணவறையை விட்டு எழப் பார்த்தார். என் அண்ணன்தான் தோளை அமுக்கி உட்கார வைத்தான். சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு மேல் தங்க மாட்டார். தைப்பூசத்தில் மட்டும் ஆள் நிம்மதியாக இருப்பார். ரதத்துக்குப் பின்னால் தண்ணீர்மலைவரை நடந்துகொண்டே இருக்கலாம், ஏன் நடக்கிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிப்பட்டவர் எப்படி கியர் பாக்ஸ் வேலைக்கு வந்தார் என்று எனக்கே ஆச்சரியம்தான். அதில் பாதி வேலை முடிவெடுக்கிற வேலை. பிரித்த சாமான்கள் எல்லாமே ஏதோ கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கும். எதைத் தூக்கிப் போடுவது, எதை மறுபடி போடுவது என்பதில்தான் கெட்டிக்காரத்தனம். சிலதுக்கு இவரிடம் கறாரான கணக்கு உண்டு. பித்தளை வளையத்தை அதன் கூம்பின்மேல் வைத்து அழுத்தி, இடைவெளியில் மெல்லிய தகடு நுழைகிறதா என்று பார்ப்பார். நுழையாவிட்டால் வளையம் செத்தது. பேரிங்கைக் கழுவிக் காய வைத்து, விரலால் சுழற்றிக் காதோரம் வைத்துக் கேட்பார். புதிதாக வருகிற தண்டுகளை அரத்தால் ஒரு இழுப்பு இழுப்பார். அரம் கடித்தால் இரும்பு மெத்து என்று அர்த்தம். புதுசு எல்லாம் நல்லது என்று யார் சொன்னது என்று முனகிக்கொண்டே பழைய தண்டைத் துடைத்து வைப்பார். இதில் எதிலும் அவருக்குக் குழப்பம் கிடையாது.

குழப்பம் பற்சக்கரங்களில்தான். ஒன்றோடு ஒன்று பல வருஷம் ஓடித் தேய்ந்த சக்கரங்கள் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். ஜோடியைப் பிரித்து ஒன்றை மட்டும் மாற்றினால் ஊளையிடும். அதனால் ஜோடியைப் பிரிக்கவே மாட்டார். அதே சமயம் மனசும் ஆறாது. வைத்துக்கொள்ளலாமா, போட்டுவிடலாமா என்று மதில்மேல் பூனையாக இருந்துகொண்டு என் உயிரையும் சேர்த்து வாங்குவார்.

ஆசியா பீவி அக்காவின் மோரிஸ் மைனர் வந்தபோது அதுதான் நடந்தது.

அக்கா வீட்டுக்காரர் அப்துல் அஜீஸ், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் துணிக்கடை வைத்திருந்தவர். போன வருஷம் மௌத்தாகிவிட்டார். என் வீட்டுக்காரருக்குப் பழைய சிநேகிதம். கடை ஆரம்பித்த புதிதில் முதல் வண்டி அவருடையதுதான். ஆயில் மாற்ற வந்தால் இரண்டு பேரும் தே தாரிக் டீயோடு அந்த வண்டியின் முன்னால் நின்றுகொண்டே பேசுவார்கள். அஜீஸ் அண்ணனைத் தவிர அந்த வண்டியை வேறு யாரும் ஓட்டி நான் பார்த்ததில்லை.

அக்கா, விதவைகள் வீட்டோடு இருக்கிற இத்தா காலம் முடிந்து வெளியே வந்து செய்த முதல் காரியம் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்ததுதான். அறுபது தாண்டியவர். மகன் இக்மல், கியர் மாத்த வேண்டாத ஆட்டோ லைசென்ஸ் போதும்மா என்று கெஞ்சியிருக்கிறான். கேட்கவில்லை. மேனுவல்தான் எடுத்தார், அதுவும் இரண்டாவது தடவையில். கடைக்கு வந்த அன்றைக்கு, அந்த வயசான மோரிஸின் கண்ணாடியில், புதிதாய் லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒட்டுகிற ‘பி’ ஸ்டிக்கர் பளபளத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்காவும் சிரித்தார். வண்டியை ஓட்டிக்கொண்டு வந்த இக்மல் சிரிக்கவில்லை.

“அங்கிள், தெரிஞ்சுதான் பேசுறேன்,” என்றான். “மூணாவது கியர் குதிக்குது. எறக்கத்துல ஆக்சிலேட்டர்லேர்ந்து கால எடுத்தா, டக்குன்னு நியூட்ரலுக்கு வந்துருது. அத்தா கையால புடிச்சுக்கிட்டே ஓட்டுவாரு. அம்மாவால முடியாது. ஈப்போல ஒருத்தர் வாங்க ரெடியா இருக்காரு.”

“வித்துருவேன்னு சொல்லிக்கிட்டே இருக்கான்,” என்றார் அக்கா. “நான் ஒண்ணு சொல்லிட்டேன் தம்பி. நீங்க பாக்ஸ ரிப்பேர் பண்ணுங்க. ஞாயித்துக்கெழம நானே ஓட்டிக்கிட்டு பாலிக் பூலாவ் போறேன், என் தங்கச்சி லைலா வீட்டுக்கு. இவனும் பக்கத்துல உக்காந்து வரட்டும். மலையெறங்கும்போது ஒரு தடவ குதிச்சாலும் வித்துரட்டும். குதிக்கலேன்னா வண்டி எனக்கு.”

இக்மல் கெட்டவன் இல்லை. தாயை மலைப்பாதையில் பறிகொடுக்கப் பயப்படுகிறவன். ஆனால் அக்கா அதைச் சொன்ன விதத்தில், ஒரு வண்டியை அல்ல, வேறு எதையோ கேட்கிறார் என்று எனக்குப் பட்டது. நானும் லைசென்ஸ் இல்லாதவள்தான். இவர் கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தே போனவள்.

பாக்ஸை இறக்கிப் பிரித்தாயிற்று. வளையங்கள் செத்துப் போயிருந்தன, போட்டார் குப்பையில். பேரிங் ஒன்று கரகரத்தது, அதுவும் போயிற்று. ஸ்பிரிங்குகள் எல்லாம் மாற்ற வேண்டியவை. தண்டு பழசே போதும். மிச்சம் இருந்தது மூன்றாவது கியர் சக்கரம். பெரிய பற்கள் முத்து மாதிரி இருந்தன. ஆனால் பக்கவாட்டில் சின்னச் சின்னதாய்ப் பூட்டுப் பற்கள் உண்டு. கியர் போடும்போது அவைதான் கவ்விப் பிடிப்பவை. அவற்றின் முனைகள் வழவழவென்று மழுங்கியிருந்தன. கழுவிய எனக்கே விரலில் தெரிந்தது.

“இதானே குதிக்குது?” என்றேன்.

“ஸ்பிரிங் வீக்கா இருந்துச்சு. அதாலயும் குதிக்கும்.”

“நான் அதக் கேக்கல. இது மழுங்கியிருக்கா இல்லயா?”

“மழுங்கித்தான் இருக்கு. ஜோடி நல்லாருக்கே குமுதா. எப்படி ஓடியிருக்கு பாரு. இத மாத்துனா ஊளையிடும்லா.”

நடக்க ஆரம்பித்துவிட்டார். கடை வாசலுக்கும் மேசைக்கும், மேசைக்கும் வாசலுக்கும். வீட்டிலும் அதே கதைதான். டிவியை ஒவ்வொரு சேனலாக மாற்றினார். தண்ணீர் குடிக்கப் போய்க் குடிக்காமல் திரும்பினார். என்னதான் ஆச்சு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று மென்று முழுங்கினார். மறுநாள் நான் கடைக்குப் போவதற்குள் பழைய சக்கரத்தையே போட்டுப் பாக்ஸை மூடியிருந்தார். ஸ்பிரிங் புதுசு, வளையம் புதுசு, நிற்கும் என்றார். என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

மவுண்ட் எர்ஸ்கின் சரிவில் அவரே ஓட்டிப் பார்த்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். மூன்றாவது கியரில் இறங்கி, காலை எடுத்து, மறுபடி கொடுத்து, மறுபடி எடுத்து, ஒரு தடவைகூடக் குதிக்கவில்லை. பூனை மாதிரி சத்தமில்லாமல் இறங்கியது. பார்த்தியா என்றார். சரி, நான்தான் அவசரப்பட்டுவிட்டேன் போல என்று நினைத்துக்கொண்டேன். அக்காவுக்குப் போன் போட்டு வரச் சொன்னேன்.

அக்கா வந்து ஓட்டினார். இவர் பக்கத்தில், நான் பின்னால். அதே சரிவு, அதே மூன்றாவது கியர். அக்கா காலை எடுத்ததும் டக் என்றது. என்ஜின் சத்தம் அடங்கியது, வண்டி தன் பாட்டுக்கு உருள ஆரம்பித்தது. அக்கா பதறாமல் பிரேக்கை மிதித்து ஓரமாக நிறுத்தினார். பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிட்டது.

“எனக்குக் குதிக்கலியேக்கா,” என்றார் இவர்.

அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இவர் ஓட்டும்போது இடது கை எங்கே இருந்தது? கியர் ராடின்மேல்தான். பழைய வண்டி ஓட்டுகிறவர்கள் எல்லாருக்கும் அந்தக் கை அங்கேயேதான் இருக்கும். வைத்திருக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரியாது. குதிக்கப் பார்த்த கியரை இவர் கை அமுக்கிப் பிடித்திருக்கிறது. அக்காவோ டிரைவிங் ஸ்கூலில் படித்தவர். கியரை மாற்றியதும் இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அக்காவும் அப்படியே ஓட்டினார்.

அதைச் சொன்னேன். இவர் தன் இடது கையைப் பார்த்தார். பிறகு சொன்னாரே ஒரு வார்த்தை, எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்ப ஒண்ணுமில்லக்கா. லேசா கைய மேல வச்சுக்குங்க, போதும். அண்ணன் அப்படித்தானே ஓட்டுனாரு.”

அக்கா என்ஜினை அணைத்தார்.

“ஆமா, அப்படித்தான் ஓட்டுனாரு. கல்யாணம் ஆனதுலேர்ந்து அவரு கை அந்தக் குச்சி மேலதான். பக்கத்துல நான் ஒருத்தி உக்காந்திருக்கேன். சாவி குடுங்க, நானும் கத்துக்குறேன்னு எத்தன தடவ கேட்டிருப்பேன்? இது குதிக்கிற வண்டி பீவி, பொம்பளைக்கு ஆகாதும்பாரு. இப்ப நீங்களும் அதையே சொல்றீங்க. எனக்கு வளைவுல திருப்ப ரெண்டு கையும் வேணும் தம்பி. அந்தச் சாமானத் தூக்கிப் போடுங்க.”

“மாத்துனா சத்தம் வரும்க்கா. ஊஊன்னு ஊளையிடும். இப்ப எவ்வளோ அமைதியா ஓடுது பாருங்க.”

“கத்தட்டுமே. குதிக்காம இருந்தா சரி.”

அக்காவை டாக்ஸியில் ஏற்றி அனுப்பிவிட்டு நான் இவரைப் பிடித்துக்கொண்டேன். நியாயமாகப் பார்த்தால் அன்றைக்குச் சாயங்காலமே பாக்ஸை இறக்கியிருக்க வேண்டும். இவர் கடையைக் கூட்டினார். ஸ்பானர்களை அடுக்கினார், கலைத்தார், மறுபடி அடுக்கினார். பக்கத்துக் கடை லாரிக்காரனிடம் போய் அவன் கேட்காத யோசனையைச் சொல்லிவிட்டு வந்தார்.

“யாருக்குப் பயப்படுறீங்க?” என்று கேட்டேன். “வண்டிக்காரி அவங்க. மாத்துன்னுட்டாங்க. மழுங்குனதுன்னு உங்களுக்கே தெரியும். அப்புறம் என்ன கேடு?”

“அது அண்ணன் ஓட்டுன சாமான் குமுதா.”

“அண்ணன் மையத்தாங்கொல்லைக்குப் போயி ஒரு வருஷமாச்சு. அக்காவ ஞாயித்துக்கெழம மலையில உருட்டி விடப் போறீங்களா?”

கத்திவிட்டேன். லாரிக்காரன் எட்டிப் பார்த்தான். பார்க்கட்டும். கல்யாணமான நாளிலிருந்து இந்த நடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அவர் நடந்தது முடிவெடுக்க முடியாதவனின் நடை இல்லை. முடிவு எப்போதோ எடுத்தாகிவிட்டது, அதைச் செய்யத்தான் ஏதோ தடுக்கிறது என்று தோன்றியது. அது என்னவென்று அவரும் சொல்லவில்லை, நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

மறுநாள் கடல் பாலம் தாண்டி மாக் மண்டினுக்குப் போனோம். அங்கே பழைய வண்டிகளை வெட்டிச் சாமான் சாமானாக விற்கும் ஒரு கொட்டகையில், முன்பக்கம் நசுங்கிய மோரிஸ் ஒன்று பல வருஷமாகக் கிடந்தது. அதிகம் ஓடாமலே அடிபட்ட வண்டி. பாக்ஸை அங்கேயே தரையில் பிரித்தார். அதன் மூன்றாவது கியரை ஒரு பழைய வேட்டித் துணியால் துடைத்து என்னிடம் நீட்டினார். பூட்டுப் பற்களின் முனை நகத்தில் சுருக்கென்று பட்டது. கவ்விப் பிடிக்கும் உருளையையும் சேர்த்தே வாங்கினோம். அந்நிய வீட்டுச் சாமான், நம்ம வீட்டுச் சக்கரத்தோடு ஒத்துப்போகாது, கண்டிப்பா கத்தும் என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஒத்துப்போய்த்தான் எல்லாரும் குடித்தனம் நடத்துகிறோமா என்று நான் கேட்டேன்.

சனிக்கிழமை வண்டி தயாரானது. அக்காவை வரச் சொல்லி அதே சரிவில் ஓட்ட விட்டோம். குதிக்கவில்லை. ஆனால் கத்தியதே ஒரு கத்து! மீ கோரெங் வண்டிக்காரர் வாணலியை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அக்கா முகத்தில் மட்டும் வெளிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை இவர் சும்மா இருப்பாரா? நாமும் போகலாம் என்றார். பின் சீட்டில் நானும் இவரும். முன்னால் இக்மல், கையில் போன், முகத்தில் கவலை. பாயா தெருபோங் தாண்டி மலையேறினோம். ஏற்றத்தில் பிரச்சினை இல்லை. மலைக்குத்தான் மூச்சு வாங்கியதா வண்டிக்கா என்று தெரியாத அளவுக்கு மெதுவாகப் போனோம். பின்னால் வந்த மோட்டார் சைக்கிள்கள் ஹாரன் அடித்தபடி தாண்டிப் போயின. அக்கா அலட்டிக்கொள்ளவில்லை. இவர்தான் சீட்டின் நுனியில் உட்கார்ந்துகொண்டு என் முழங்காலை இடித்துக்கொண்டே இருந்தார்.

உச்சி தாண்டி இறக்கம் ஆரம்பித்தது. அக்கா மூன்றாவது கியரைப் போட்டார். இரண்டு கையும் ஸ்டியரிங்குக்கு வந்தது. காலை எடுத்தார். ஊஊஊ என்று பாக்ஸ் கத்தத் தொடங்கியது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. ஒரு பக்கம் டுரியான் தோட்டம், இன்னொரு பக்கம் பள்ளம். கியர் அசையவில்லை. கூர்மையான ஒரு வளைவில் லாரி ஒன்று எதிரே ஏறி வந்தது. இக்மலின் வலது கை தானாக நகர்ந்து கியர் ராடின்மேல் போய் உட்கார்ந்தது. சின்ன வயதிலிருந்து அப்பாவைப் பார்த்த பழக்கம். அக்கா சாலையை விட்டுக் கண்ணை எடுக்காமல் ஒரு அடி வைத்தார் அந்தக் கையில். பட்டென்று கேட்டது.

“கைய எடு.”

எடுத்துவிட்டான். அதற்குப் பிறகு அடிவாரம்வரை அந்த ராடை யாரும் தொடவில்லை. அதுவும் தன் இடத்தை விட்டு நகரவில்லை.

லைலா வீட்டு வாசலில் அக்கா வண்டியை நிறுத்தினார். இக்மல் இறங்கிப் போய், வண்டியின் முன்பக்கமாக நின்று ஈப்போக்காரரிடம் போனில் பேசினான். “சோரி அங்கிள், அம்மா விக்கலியாம்,” என்று அவன் சொன்னது எங்களுக்குக் கேட்டது. நான் அக்காவின் தோளைப் பிடித்துக் குலுக்கினேன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை. அக்கா சிரித்தபடியே பின்னால் திரும்பினார்.

“தம்பி, ஒரு சாமான மாத்துனா தீர்ற விஷயந்தானா இது?”

“ஆமாக்கா.”

“அவரு இருந்தப்பவே மாத்தியிருக்கலாமா?”

“மாத்தியிருக்கலாம்.”

“நீங்க அவருகிட்ட சொல்லலியா?”

இவர் இறங்கப் பார்த்தார். அது இரண்டு கதவு வண்டி. முன் சீட்டை மடக்காமல் பின்னாலிருந்து இறங்க முடியாது. உட்கார்ந்தேதான் ஆக வேண்டியிருந்தது.

“சொன்னேன்க்கா. ஆயில் மாத்த வர்றப்பல்லாம் சொல்லுவேன். வேணாம்னுட்டாரு.”

“ஏனாம்?”

இவர் என்னைப் பார்த்தார். நான் உதவவில்லை.

“பீவி சாவி கேட்டுக்கிட்டே இருக்கா, கியர் குதிக்குதுன்னு சொல்லித்தான் நிறுத்தி வச்சிருக்கேன், நீ சரி பண்ணிக் கெடுத்துராதன்னாரு. யாருகிட்டயும் சொல்லாதன்னாரு.”

எனக்குக் கோபம் தலைக்கேறியது. செத்தவர்மேல் பாதி, பக்கத்தில் இருந்தவர்மேல் பாதி. இவர் இத்தனை நாள் நடந்த நடைக்கெல்லாம் இதுதானா காரணம்? அக்காவைப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. லைலா வாசலுக்கு வந்து, வாங்க வாங்க, ஏன் உள்ளேயே உக்காந்திருக்கீங்க என்று கூப்பிட்டார். அக்கா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார். அழவில்லை. சிரிப்பு மட்டும் போய்விட்டிருந்தது.

பிறகு கையை நீட்டி, பக்கத்து சீட்டை முன்னால் மடக்கிவிட்டார்.

“எறங்குங்க. ரெண்டு பேரும் எறங்குங்க.”

இறங்கினோம். இக்மல் ஓடிவந்து கதவைப் பிடித்தான். “எங்கம்மா போறீங்க? இருங்க, நானும் வர்றேன்லா.”

“நீ சாப்புடு. நான் மலைக்கு மேல போயிட்டு வர்றேன். இவ்வளோ வருஷம் அவருகூடத்தானே போனேன். இப்ப ஒரு தடவ தனியாப் போயிக்குறேன்.”

கதவைச் சாத்தினார். வண்டியைத் திருப்ப இடம் போதவில்லை, மூன்று தடவை முன்னும் பின்னும் போய்த்தான் திருப்பினார். நாங்கள் யாரும் கை காட்டி உதவவில்லை. அவரும் கேட்கவில்லை. சாலையில் ஏறி, முதல் கியர், இரண்டாவது, அப்புறம் மூன்றாவது. வளைவில் வண்டி மறைந்த பிறகும் அந்த ஊளை மலைமேல் ஏறிப் போவது எங்கள் நாலு பேருக்கும் கேட்டுக்கொண்டே இருந்தது.